விலைப்பட்டியலில் கிடைத்த பாட்டியின் பெயர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் அமெரிக்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்நாட்டின் வானளாவிய கட்டடங்களைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ அல்ல. அங்கே தென் மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் நெல்லும் கரும்பும் விளைவித்த கறுப்பின அடிமைகளைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் தங்கள் முன்னோரின் பெயரை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பற்றி.

"பாட்டன், பூட்டன் பெயரைத் தேடுவதில் அப்படி என்ன சிரமம்?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் குடியேறிய ஒரு வெள்ளையரின் பேரனுக்கு அது பெரிய சிரமமில்லை. தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும். கப்பலில் வந்தவர் பட்டியல் இருக்கும். நிலம் வாங்கிய பத்திரம் இருக்கும். 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத்தோடு பெயர் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு 200 ஆண்டுகள் பின்னோக்கி நடந்துவிடலாம்.

கறுப்பினத்தவர் ஒருவர் அதே பாதையில் நடந்தால் 1870ஆம் ஆண்டோடு பாதை நின்றுவிடுகிறது. எதிரே ஒரு சுவர். "1870 சுவர்" என்றே வம்சாவளி ஆய்வாளர்கள் அதனைக் குறிப்பிடுகிறார்கள்.

1870 என்னும் சுவர்

ஏன் 1870? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. போர் முடிந்த அந்த 1865ஆம் ஆண்டின் இறுதியில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. அதன் பின்னர் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பெரும்பாலோரின் பெயர் முதன்முறையாக அந்தக் கணக்கெடுப்பில்தான் மற்ற குடிமக்களின் பெயரைப் போல எழுதப்பட்டது.

அதற்கு முன் அவர்களைக் கணக்கெடுக்கவில்லையா? எடுத்தார்கள். 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கென்றே தனி அட்டவணை இருந்தது. 1860இல் அந்நாட்டில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 39 லட்சத்து 53 ஆயிரம் பேர். அத்தனை பேரும் எண்ணப்பட்டார்கள். ஆனால் அந்த அட்டவணையில் எழுதப்பட்ட பெயர் உடைமையாளரின் பெயர். அதற்குக் கீழே, 34 வயது, பெண், கறுப்பு. 12 வயது, ஆண், கலப்பினம் என்று வரிசையாக வயதும் பாலும் நிறமும் மட்டுமே இருக்கும். மிகச் சில இடங்களைத் தவிர, வேறெங்கும் அவர்களுடைய பெயர் கிடையாது.

சற்றே எண்ணிப் பாருங்கள். உங்கள் பாட்டியின் பாட்டி அந்தத் தாளில் இருக்கிறார். 34 வயதுப் பெண் என்ற அந்த வரி அவராகவே இருக்கலாம். ஆனால் அவர்தாம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

'எஸ்டேட்' என்றால் தோட்டமன்று

இந்தச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அதன் பெயர் 'எஸ்டேட்' ஆவணங்கள்.

எஸ்டேட் என்றதும் நம்மவர்களுக்கு ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் கண்முன் வரும். இங்கே பொருள் அதுவன்று. சட்டத்தில் எஸ்டேட் என்பது இறந்துபோனவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து. நிலம், வீடு, மாடு, வண்டி, கடன், பாக்கி எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம்.

ஓர் உடைமையாளர் இறந்தால் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். உயில் இருந்தால் அது அந்தக் கவுன்டியின் நீதிமன்றத்தில் பதிவாகும். கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. உயில் இல்லையென்றால் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் உள்ள விவரமறிந்த சிலர், வழக்கமாக மூவர், சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு சொத்தை மதிப்பிடப் பண்ணைக்கு வருவார்கள்.

வந்தவர்கள் கலப்பைக்கு ஒரு விலை போடுவார்கள். கட்டிலுக்கு ஒரு விலை. குதிரைக்கு ஒரு விலை. பிறகு அடிமைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ஒரு விலை போடுவார்கள். உழைக்கும் வயதிலுள்ள ஆணுக்கு அதிக விலை. கைத்தொழில் தெரிந்தவனுக்கு இன்னும் அதிகம். முதியவர்களுக்கு நேரே சில சமயம் பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கும். அப்படி விலை போடும்போது எந்த விலை யாருக்கு என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பெயரை எழுதினார்கள்.

நம் தோட்டப்புறத்திலும் பெயர்ப்பட்டியல் உண்டு. பிரட்டுக் களத்தில் பெயர் வாசித்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிராணியாரின் செக்ரோலில் ஒருவர் பெயர் இருந்தால், அது எவ்வளவு குறைவான கூலியாக இருந்தாலும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காக இருந்தது. அமெரிக்கப் பண்ணையின் இந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இருந்தால், அவரைப் பங்கு பிரிக்கவோ விற்கவோ வேண்டும் என்பதற்காக இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் நான் சொல்லப்போவது விளங்கும்.

மதிப்பீட்டோடு காகித வேலை முடிவதில்லை. வாரிசுகளுக்குப் பங்கு பிரித்த விவரம், கடனை அடைக்க நடந்த ஏலத்தின் கணக்கு, யார் யாரை என்ன விலைக்கு வாங்கினார் என்ற ரசீது ஆகியவை தொடரும். வாரிசுகள் சிறுபிள்ளைகளாக இருந்தால், அவர்கள் வயதுக்கு வரும் வரை காப்பாளர் ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில், இந்த ஆண்டு இன்ன அடிமையை இன்னாரிடம் வாடகைக்கு விட்டோம், இவ்வளவு வந்தது, இன்னாளுக்குக் குழந்தை பிறந்தது, இன்னான் இறந்தான் என்ற செய்திகள் வரும். ஒரு பெண்ணின் வாழ்க்கை 10, 15 ஆண்டுகளுக்கு இப்படித் துண்டுதுண்டாக அந்தக் கணக்குப் புத்தகத்தில் கிடக்கும்.

எஜமானர் இறந்த நாள்

காகிதத்தில் இது கணக்கு. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அது என்ன? அப்படி நின்ற ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பிரடெரிக் டக்ளஸ். பின்னாளில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மிகப்பெரும் பேச்சாளராக உலகம் அறிந்தவர்.

மேரிலாந்து மாநிலத்தில் அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஆரன் அந்தோணி என்பவர் 1826இல் இறந்தார். டக்ளஸ் அப்போது சிறுவன். பால்டிமோர் நகரில் இருந்தான். சொத்து மதிப்பீட்டுக்காக அவனைத் திரும்பப் பண்ணைக்கு அழைத்து வந்தார்கள். ஆணும் பெண்ணும், முதியவரும் குழந்தையும், குதிரையோடும் ஆட்டோடும் பன்றியோடும் ஒரே வரிசையில் வைத்து மதிப்பிடப்பட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் டக்ளஸ் எழுதுகிறார். அடிமை முறை மனிதனை என்ன செய்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்ததாகவும் சொல்கிறார்.

மதிப்பீட்டைவிடப் பங்கீடுதான் அவர்களை நடுங்க வைத்தது. யார் எந்த வாரிசுக்குப் போவார்கள்? தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஆகிவிடுமா? கொடுமைக்காரன் என்று பெயரெடுத்த மகனின் பங்கில் விழுந்தால் கதி என்ன? அவர்களுடைய விருப்பத்தைக் கேட்பவர் யாருமில்லை. டக்ளஸ், மகள் லுக்ரீஷியாவின் பங்கில் விழுந்து மீண்டும் பால்டிமோர் சென்றார்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. டக்ளஸுக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. ஆண்டுகூட உறுதியாகத் தெரியாமல் 1817 என்று கணித்து வைத்திருந்தார். 1895இல் அவர் மறைந்தார். டிக்சன் பிரஸ்டன் என்ற எழுத்தாளர் 1980இல் வெளியிட்ட நூலுக்காக ஆரன் அந்தோணியின் பழைய கணக்கேட்டை ஆராய்ந்தார். ஹாரியட்டின் மகன் பிரடெரிக் 1818ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிறந்ததாக அந்த ஏட்டில் எழுதியிருந்தது. டக்ளஸ் வாழ்நாளெல்லாம் அறிய விரும்பிய செய்தி, தம்மை உடைமையாக வைத்திருந்தவரின் கணக்கேட்டில் இருந்தது!

ஜெபர்சன் வீட்டு ஏலம்

நல்ல எஜமானர் இறந்தால் நல்லது நடக்குமா? அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனின் வீட்டைப் பார்ப்போம்.

அவர் 1826 ஜூலை 4ஆம் தேதி இறந்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் அவர் விடுதலை அளித்தது ஐந்து பேருக்கு மட்டுமே. அவர்களில் ஒருவர் ஜோசப் பாசெட், கொல்லர். ஓராண்டு கழித்து அவர் விடுதலை பெற வேண்டும் என்று உயில் சொன்னது. ஆனால் உயிலில் அவருடைய மனைவி ஈடித் பெயர் இல்லை. அதிபர் மாளிகையில் ஜெபர்சனுக்குச் சமைத்த பெண்மணி அவர். பிள்ளைகளின் பெயரும் இல்லை.

1827 ஜனவரியில் கடனுக்காக ஏலம் நடந்தது. 130 பேர் ஏலத்துக்கு வைக்கப்பட்டார்கள். சில மாதங்களில் விடுதலையாகப் போகும் ஜோசப், தம் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்படுவதைப் பார்த்தார். பின்னர் உழைத்து மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் விலை கொடுத்து மீட்டார். 11 வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர் விடுதலை பெறப் பல ஆண்டுகள் ஆயின. அவர் சின்சினாட்டி நகரில் கிறிஸ்துவப் போதகராக உயர்ந்து, 1900ஆம் ஆண்டில் ஜெபர்சனின் வீட்டுக்கு விருந்தினராக வந்து போனார்.

இந்தக் குடும்பக் கதை நமக்கு எப்படித் தெரிகிறது? ஜெபர்சனின் பண்ணைப் புத்தகமும் உயிலும் விற்பனை ஆவணங்களும் ஒரு பக்கம். குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வாய்மொழிச் செய்தி இன்னொரு பக்கம். 1993 முதல் ஜெபர்சன் இல்லத்தைப் பராமரிக்கும் அமைப்பு அந்த வழித்தோன்றல்களைத் தேடி அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. காகிதமும் வாய்மொழியும் சேரும் இடத்தில்தான் வரலாறு முழுமையடைகிறது.

ஆறு வயதுச் சிறுமி, 475 டாலர்

அடுத்த கதை உங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரின் குடும்பக் கதை.

தென் கரோலைனாவின் ஸ்பார்ட்டன்பர்க் பகுதியில் டேவிட் பேட்டர்சன் என்ற முதியவர் 1850இல் உயில் எழுதினார். நூற்கும் இராட்டையும் மேசை விரிப்பும் மாடும் யார் யாருக்கு என்று எழுதிய அதே உயிலில் மெல்வீனியா என்ற சிறுமியின் பெயரும் இருந்தது. வயது சுமார் ஆறு. பின்னர் நடந்த மதிப்பீட்டில் அவளுக்குப் போட்ட விலை 475 டாலர். அவர் இறந்த பின் அந்தச் சிறுமி தெரிந்த முகங்களையெல்லாம் விட்டுப் பிரிந்து, ஜார்ஜியா மாநிலத்தில் பேட்டர்சனின் மகள், மருமகன் ஷீல்ட்ஸ் ஆகியோரின் பண்ணைக்கு அனுப்பப்பட்டாள்.

அங்கே பதின்ம வயதிலேயே அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை ஒரு வெள்ளையர். குழந்தையின் பெயர் டால்ஃபஸ். 1870 கணக்கெடுப்பில் மெல்வீனியா, நான்கு பிள்ளைகளோடு, பண்ணைத் தொழிலாளியாகப் பதிவாகியிருக்கிறார். 1938இல் இறந்தபோது, மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தது.

அந்த டால்ஃபஸ் தச்சராகி, சொந்த வீடு கட்டி வாழ்ந்தார். அவருடைய கொள்ளுப்பேத்தி மேரியன் ராபின்சன். மேரியனின் மகள் மிச்செல் ஒபாமா. 2009 முதல் 2017 வரை அமெரிக்காவின் முதல் பெண்மணியாக இருந்தவர்!

2009இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக்கும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சேர்ந்து இதனை வெளிக்கொணர்ந்தார்கள். அதுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இந்தச் சிறுமியின் கதை இவ்வளவு விரிவாகத் தெரிந்திருக்கவில்லை.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து மெல்வீனியா, தாம் சிறுமியாக இருந்த அதே பேட்டர்சன் பண்ணையில் அடிமைகளாக இருந்த மரையா, போலஸ் ஈஸ்லி ஆகியோரைத் தேடிக் கண்டு, அவர்களோடு சேர்ந்து ஜார்ஜியாவில் ஒரே வட்டாரத்தில் குடியேறினார். டால்ஃபஸ் மணந்தது அவர்களுடைய மகள் ஆலிஸை. ஓர் உயில் பிரித்துப் போட்டவர்கள், தாங்களாகவே மீண்டும் உறவானார்கள். இன்று ஆய்வு செய்பவர்களுக்கு இது ஒரு பாடம். ஒருவரின் பெயரை மட்டும் தேடாதீர்கள். அவரோடு பட்டியலில் இருந்தவர்களையும் தேடுங்கள். அடுத்தடுத்த வீட்டில் அவர்கள் இருப்பார்கள்.

தேடுவது எப்படி?

சரி, சாதாரணக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எங்கே தொடங்குவது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். பிறகு மரணச் சான்றிதழ், கணக்கெடுப்பு என்று பின்னோக்கி நகர்ந்து 1870க்கு வர வேண்டும். அங்கிருந்து அடுத்த அடிக்குத் தேவைப்படுவது முன்னோரின் பெயரன்று. அவரை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர். ஏனென்றால் நீதிமன்ற ஆவணங்கள் அந்தப் பெயரின் கீழ்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதனை ஏற்க மனம் கூசும். ஆனால் வேறு வழியில்லை.

அந்தப் பெயரை எங்கே பெறுவது? போருக்குப் பின் சில நல்ல ஆவணங்கள் உருவாயின. 1865இல் தொடங்கி 1874இல் மூடப்பட்ட விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியில் கணக்குத் திறந்தவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் பெயர் கேட்டு எழுதினார்கள். தொடக்கக் காலப் படிவங்கள் சிலவற்றில் பழைய எஜமானரின் பெயருக்கும் இடமிருந்தது. விடுதலை பெற்றோருக்கு உதவ 1865இல் அரசு அமைத்த பணியகத்தில் வேலை ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் உள்ளன. 2015இலும் 2016இலும் தொண்டர்கள் அந்தப் பணியகத் தாள்களைப் படித்து ஏறத்தாழ 18 லட்சம் பெயர்களைத் தேடும்படி பதிவு செய்தார்கள். அதற்கு முன் சுருள் சுருளாகப் படமெடுத்த தாள்களை மணிக்கணக்கில் பார்க்க வேண்டியிருந்தது.

போரில் வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,79,000 பேர் சேர்ந்து போரிட்டார்கள். அவர்களுடைய விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது, திருமணத்தை நிரூபிக்கச் சான்றிதழ் இல்லை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதே இல்லையே! அதனால் ஒரே பண்ணையில் வாழ்ந்தவர்கள் வந்து, "இவர்கள் திருமணத்துக்கு நான் வந்திருந்தேன், எங்கள் எஜமானர் இன்னார்" என்று சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியங்கள் இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

உடைமையாளர் பெயர் கிடைத்தபின் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அவருடைய உயில், அவர் தந்தையின் உயில், முக்கியமாக அவர் மனைவியின் தந்தையுடைய உயில் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பெண்ணுக்குச் சீதனம் போல அடிமைகளைக் கொடுப்பது அங்கே வழக்கம். மெல்வீனியா கைமாறியதும் பெண் வழியில்தான். வர்ஜீனியாவில் 1662இல் வந்த சட்டப்படி, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. அதனால் ஒரு பெண்ணை எழுதி வைக்கும்போது, இனி அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதி வைத்த உயில்கள் உண்டு. பிறக்காத குழந்தைக்கும் வாரிசு குறித்தார்கள்!

குடும்பப் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் கடைசி எஜமானரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்பது தவறான எண்ணம். பலர் அதற்கு முந்தைய எஜமானரின் பெயரையோ, தாங்களே விரும்பிய பெயரையோ வைத்துக்கொண்டார்கள். சில கவுன்டிகளின் நீதிமன்றங்கள் போரில் எரிந்துபோயின. அங்கே அடகுப் பத்திரம், அண்டைக் கவுன்டி ஆவணம், தேவாலயப் பதிவு என்று சுற்றுவழியில்தான் போக வேண்டும்.

பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றா?

'ரூட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் பலருக்கு நினைவிருக்கும். அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய நூல், 1977இல் தொடராக வந்தது. தங்கள் வேரைத் தேட வேண்டும் என்ற ஆவலை லட்சக்கணக்கான மக்களிடம் ஏற்படுத்தியது அந்தப் படைப்புதான். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் 1981இல் கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் ஆகியோர் வர்ஜீனியா ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஹேலியின் மூதாதை 1767இல் கப்பலில் வந்திறங்கி, 'டோபி' என்று பெயரிடப்பட்டதாக நூல் சொல்கிறது. ஆனால் அந்த உடைமையாளரின் டோபி, கப்பல் வருவதற்கு முன்பே அங்கிருந்த ஆவணங்களில் காணப்படுகிறார். அப்படியானால் இவரும் அவரும் ஒருவராக இருக்க முடியாதே!

ஆகவே பெயர் ஒத்துப்போனால் போதாது. வயது ஒத்துப்போக வேண்டும். தாயின் பெயர், உடன்பிறந்தோர் பெயர், கைமாறிய வழி ஆகியவை ஒத்துப்போக வேண்டும். இன்று மரபணுச் சோதனையும் துணைக்கு வந்திருக்கிறது. அது உறவுண்டு என்று சொல்லும். பாட்டியின் பெயரைச் சொல்லாது. பெயருக்குக் காகிதத்திடம்தான் வர வேண்டும்.

கிளறுவதால் என்ன பயன்?

"முடிந்துபோன கதை. பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது.

1838இல் மேரிலாந்தின் இயேசு சபைக் குருமார்கள் தங்கள் பண்ணைகளில் இருந்த 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூசியானா பண்ணையாளர்களுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கடனில் இருந்த ஜார்ஜ்டவுன் கல்லூரிக்குப் போயிற்று. அடிமைகளைக் கடற்கரை வழியாகக் கொண்டு செல்லும் கப்பல்கள் அவர்களுடைய பெயரையும் வயதையும் உயரத்தையும் எழுதித் தர வேண்டும் என்பது 1807ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் விற்பனைப் பத்திரத்திலும் கப்பல் பட்டியலிலும் பெயர்கள் இருந்தன.

அவர்களில் ஒருவன் கொர்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்ற 13 வயதுச் சிறுவன். லூசியானாவில் 1851இல் எடுக்கப்பட்ட மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்றில் அவன் பெயர் மீண்டும் வருகிறது. 27 வயது, விலை 900 டாலர். 1870 கணக்கெடுப்பில் சுதந்திர மனிதராக, மனைவி மக்களோடு, விவசாயத் தொழிலாளியாக வருகிறார். மூன்று தாள்களும் சேர்ந்ததும் ஒரு மனிதரின் வாழ்க்கை எழுந்து நிற்கிறது!

2016இல் இந்த வரலாறு நாடறியப் பேசப்பட்டது. வழித்தோன்றல்கள் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்குச் சேர்க்கையில் தனிக் கவனம் அளிப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2017 ஏப்ரலில் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டன. அந்த விற்பனையை நடத்திய குருவின் பெயர் தாங்கியிருந்த கட்டடம், விற்பனைப் பத்திரத்தில் முதல் பெயராக இருந்த ஐசக் என்பவரின் பெயரைப் பெற்றது. 2021இல், வழித்தோன்றல்களுக்கான அறநிதிக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாக இயேசு சபை உறுதி கூறியது.

இவையெல்லாம் போதுமா, போதாதா என்ற விவாதம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அது நடக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. 'அடிமைகளை விற்றார்கள்' என்று பொதுவாகச் சொல்லும்போது யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். 'ஐசக்கை விற்றீர்கள், 13 வயது கொர்னீலியஸை விற்றீர்கள், இதோ அவருடைய பேரப்பிள்ளைகள் நாங்கள்' என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் கிடைத்ததால் வந்த வலிமை அது.

நேயர்களே, அந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் யாருக்கும் நன்மை செய்ய எழுதவில்லை. பங்கு பிரிக்கும்போது தகராறு வரக் கூடாது, கடன்காரன் ஏமாறக் கூடாது என்று எழுதினார்கள். தங்கள் சொத்தின் பாதுகாப்புக்காக நீதிமன்றத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். ஒருநாள் அந்தச் 'சொத்தின்' பிள்ளைகள் கல்வி கற்று, அதே நீதிமன்றத்துக்கு வந்து, அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்று அமெரிக்கத் தென் மாநிலங்களின் ஆவணக் காப்பகங்களில் அது நடந்துகொண்டிருக்கிறது. வலப்பக்கத்தில் எழுதியிருக்கும் விலையைப் படிக்கும்போது அவர்களுடைய மனம் கனக்கத்தான் செய்யும். இடப்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரைச் சூட்டுபவர்களும் உண்டு.